மத்தளத்திற்கு இரு பக்கமும் இடி

ஒரு காலத்தில் நம்மவர் இல்லங்களில் தையல் இயந்திரம் ஒன்று வாங்குவதென்றால் அதற்கு மாதக் கணக்கில் ஆலோசனை நடக்கும். பின்னர் வானொலிப் பெட்டி வந்தது. அதன் பின் தொலைக்காட்சி வந்தது. எதை வாங்கினாலும் அயலாரை விசாரித்து, கடைக்கு இருமுறை சென்று, இது வீட்டிற்கு எதற்கு, எவ்வளவு காலம் உழைக்கும் என்று ஆராய்ந்த பின்னரே பெரியோர் பணத்தை எடுத்து எண்ணினர். இன்று நம் இல்லங்களில் அத்தகைய ஆலோசனையை வேண்டி நிற்பது, விளையாட்டுக்கும் நேரலை ஒளிபரப்புக்குமாகப் பிள்ளைகள் கேட்கும் கணினியாகும். அதிலும் விலை கூடியதும் விளங்காததுமான உறுப்பு, கிராபிக்ஸ் கார்ட் என்று கடைக்காரரும் மாணவரும் அழைக்கும் அந்தக் கார்ட்தான்.

இவ்விஷயத்தில் வீட்டுக்குள் இரு கட்சிகள் உண்டாகிவிடுகின்றன. உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த மகன், கடையில் உள்ளவற்றுள் விலை உயர்ந்ததே சிறந்தது என்று வாதாடுகிறான். தந்தையார், விளையாட்டுக்கு இத்தனை பணமா என்று பேச்சை முடித்துவிடுகிறார். தாயார் இருவருக்கும் நடுவே நின்று, கனடாவிலோ இலண்டனிலோ உள்ள மாமாவுக்குத் தொலைபேசி எடுக்கிறார். ஈற்றில் யாருடைய குரல் ஓங்கியதோ அவருடைய எண்ணப்படி பொருள் வாங்கப்படுகிறதேயன்றி, தேவை எதுவென்று அளந்து வாங்கப்படுவதில்லை. குடும்பத்தின் பல மாதச் சேமிப்பு இதனால் வீணாவதுண்டு. ஆதலால் இரு கட்சியாரும் ஒருங்கே அமர்ந்து வாசிக்கத்தக்க சில விளக்கங்களை இவ்வாரம் எழுதுகிறோம்.

கார்ட் செய்யும் வேலை

கணினித் திரையில் நாம் காணும் படம் புள்ளிகளால் ஆனது. இன்று பெருவழக்கிலுள்ள திரையில் குறுக்கே 1,920 புள்ளிகளும் நெடுக்கே 1,080 புள்ளிகளும் உண்டு. பெருக்கிப் பார்த்தால் 20,73,600 புள்ளிகள். வினாடிக்கு 60 படம் வீதம் விளையாட்டு ஓடுமாயின், ஒரு வினாடியில் 12 கோடியே 44 இலட்சம் புள்ளிகளுக்கு நிறம் தீர்மானிக்கப்படுதல் வேண்டும்.

கலியாண வீட்டுச் சமையலை எண்ணிப் பாருங்கள். தலைமைச் சமையற்காரர் ஒருவர். அவருக்குத் தெரியாத கறி இல்லை. ஆயினும் ஆயிரம் பேருக்குத் தேங்காய் துருவுவதும் மரக்கறி அரிவதும் அவர் ஒருவரால் ஆகக்கூடிய காரியமன்று. அதற்கு நூறு கைகள் வேண்டும். கணினியின் பிரதான செயலி அந்தத் தலைமைச் சமையற்காரரைப் போன்றது. சிக்கலான வேலைகளைச் செய்யும், ஆனால் அதன் கைகள் சில. கிராபிக்ஸ் கார்ட் அந்த நூறு கைகளைப் போன்றது. ஒரே மாதிரியான எளிய கணக்கை ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கில் செய்யும். 2025ஆம் ஆண்டு வெளிவந்த என்விடியா ஆர்.டி.எக்ஸ். 5060 என்னும் நடுத்தரக் கார்டில் இத்தகைய கணிப்புக் கருக்கள் 3,840 உள்ளன. என்விடியா நிறுவனம் 1999ஆம் ஆண்டில் ஜீபோர்ஸ் 256 என்னும் கார்டை வெளியிட்டபோதே ‘ஜி.பி.யூ.’ என்ற பெயர் உலகெங்கும் பரவலாயிற்று. இன்று இத்தொழிலில் என்விடியா, ஏ.எம்.டி., இன்டெல் ஆகிய மூன்று நிறுவனங்கள் போட்டியிடுகின்றன.

இரண்டாவது இடி

உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்திற்கு இரு பக்கமும் இடி என்பது நம் முன்னோர் வாக்கு. விளையாடுவதற்கு மட்டும் உள்ள கணினி உரலைப் போன்றது. விளையாடிக்கொண்டே அவ்விளையாட்டை யூடியூப், டுவிட்ச் போன்ற தளங்களில் பிறர் காண ஒளிபரப்பும் கணினி மத்தளத்தைப் போன்றது. ஒரு பக்கம் படத்தை வரைய வேண்டும். மறுபக்கம் வரைந்த படத்தைச் சுருக்கி இணையத்தில் அனுப்ப வேண்டும்.

சுருக்குவது ஏன் என்று கேட்பீர்கள். மேலே சொன்ன படத்தை உள்ளபடியே அனுப்புவதானால் வினாடிக்கு ஏறத்தாழ 3,000 மெகாபிட் வேண்டும். டுவிட்ச் போன்ற தளங்களுக்கு வழக்கமாக அனுப்பப்படுவதோ வினாடிக்கு 6 மெகாபிட் மாத்திரமே. அதாவது, படத்தை ஐந்நூறில் ஒரு பங்காகச் சுருக்க வேண்டும். அதையும் விளையாட்டுத் தடைப்படாமல், அந்தந்த வினாடியிலேயே செய்தாக வேண்டும்.

இவ்வேலையைப் பிரதான செயலியிடம் ஒப்படைத்தால் அது திணறும்; விளையாட்டும் தடுமாறும். ஆகவேதான் கார்டுக்குள்ளேயே ‘என்கோடர்’ என்ற தனிப் பகுதி ஒன்றை அமைத்திருக்கிறார்கள். என்விடியா இதனை 2012ஆம் ஆண்டு முதல் தன் கார்டுகளில் வைத்து வருகிறது. இது படம் வரையும் கருக்களிலிருந்து வேறானது; ஆதலால் ஒளிபரப்பு நடக்கும்போது விளையாட்டின் வேகம் சிறிதளவே குறையும்.

இவ்விடத்தில்தான் பலர் அறியாத உண்மை ஒன்று இருக்கிறது. ஒரே தலைமுறையைச் சேர்ந்த கார்டுகளில், விலை குறைந்ததிலும் விலை கூடியதிலும் உள்ள என்கோடர் பெரும்பாலும் ஒரே தரத்தினது. ஆர்.டி.எக்ஸ். 5060இல் இருப்பதும், அதனிலும் மிக விலை கூடிய ஆர்.டி.எக்ஸ். 5070இல் இருப்பதும் ஒரே வகையான ஒற்றை என்கோடரே. 5070 டி.ஐ., 5080 ஆகியவற்றில் அவ்வகை இரண்டும், 5090இல் மூன்றும் உள்ளன. வீட்டிலிருந்து ஒரேயொரு ஒளிபரப்புச் செய்யும் மாணவனுக்கு ஒன்றே போதுமானது. ஆகவே, “ஒளிபரப்புச் செய்யப் போகிறேன், அதனால் பெரிய கார்ட் வேண்டும்” என்ற வாதம் நிற்காது. பெரிய கார்ட் விளையாட்டுப் படத்தை வேகமாக வரையும். உங்கள் ஒளிபரப்பைக் காண்பவருக்குப் படம் அதனால் தெளிவாகிவிடாது.

இதன் மறுபக்கமும் உண்டு. மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கும் சில கார்டுகளில் என்கோடரே கிடையாது. என்விடியா ஜி.டி. 1030 அத்தகையது. 2022ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்த ஏ.எம்.டி. ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி.யும், அதன் தம்பியாகிய ஆர்.எக்ஸ். 6400உம் அத்தகையனவே. இவற்றை வாங்கி வந்து பெட்டியில் பொருத்திய பின்னரே, ஒளிபரப்புக்கு இவை உதவா என்று அறிந்து மனம் உடைந்த இளைஞர் பலர். இவற்றை ஏற்கெனவே வாங்கியவருக்கும் ஒரு வழி உண்டு. இன்டெல் செயலிகள் பலவற்றில் 2011ஆம் ஆண்டு முதல் ‘குவிக் சிங்க்’ என்ற என்கோடர் சேர்ந்தே வருகிறது. அதைக் கொண்டு ஒளிபரப்பலாம். ஆயின் செயலியின் பெயரின் ஈற்றில் ‘எஃப்’ என்ற எழுத்து இருந்தால் அப்பகுதி இயங்காது. 12400 என்றால் உண்டு. 12400எஃப் என்றால் இல்லை. ஓரெழுத்தில் எத்தனை பேதம் என்று பாருங்கள்.

முதலில் இணையத்தை அளவிடுங்கள்

கார்டுக்குப் பணம் ஒதுக்குமுன் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு; அதற்குச் சதமும் செலவில்லை. உங்கள் வீட்டு இணைய இணைப்பின் ஏற்றுமதி வேகத்தை, அதாவது ‘அப்லோட்’ வேகத்தை, அளந்து பாருங்கள். விளம்பரங்களில் பெரிதாகக் கூறப்படுவது இறக்குமதி வேகம். ஒளிபரப்புக்கு வேண்டியது மற்றையது. மாலை ஏழு மணி முதல் பத்து மணி வரை, அயலிலுள்ளோர் யாவரும் இணையத்தில் இருக்கும் வேளையில், மூன்று நான்கு நாட்கள் தொடர்ந்து அளந்து, அவற்றுள் மிகக் குறைந்ததையே கணக்கில் எடுங்கள். 6 மெகாபிட் ஒளிபரப்புக்கு 9 அல்லது 10 மெகாபிட்டாவது நிலையாகக் கிடைத்தல் நன்று. விளையாட்டும் அதே இணைப்பில்தானே செல்ல வேண்டும்!

அளவுக் கணக்கையும் பார்ப்போம். வினாடிக்கு 6 மெகாபிட் என்றால் ஒரு மணித்தியாலத்திற்கு 2.7 ஜிகாபைட். நாளொன்றுக்கு இரண்டு மணித்தியாலம் வீதம் முப்பது நாட்களுக்கு 162 ஜிகாபைட். அளவு வரையறுத்த இணையப் பொதியை வைத்திருக்கும் வீட்டில், மாதம் பாதி கழியுமுன் தங்கையின் பாடத்திற்கு இணையம் இல்லாமற் போகும். பைபர் இணைப்பு எட்டாத ஊர்களில் வாழ்வோர் இதனை நன்கு சிந்திக்க வேண்டும். இணைப்பு மெலிந்ததாயின், குறைந்த அளவுப் படத்தை 3 மெகாபிட்டில் அனுப்பலாம். அல்லது விளையாட்டை வட்டில் பதிவு செய்து, வேண்டாதவற்றை வெட்டி நீக்கி, இரவில் மெதுவாக யூடியூப்பில் ஏற்றலாம். பின்னதில் படமும் தெளிவாக இருக்கும். சொல்லும் சொல்லைத் திருத்தவும் வாய்ப்புண்டு.

திரைக்கேற்ற கார்ட்

விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும் என்பார்கள். கார்டுக்கு விரல் எதுவென்றால், திரைதான். 1,920க்கு 1,080 என்ற திரையில் உள்ள புள்ளிகள் 20.7 இலட்சம். 2,560க்கு 1,440 என்ற திரையில் 36.9 இலட்சம். ‘4கே’ என்று வழங்கும் திரையில் 82.9 இலட்சம், அதாவது முதலாவதைப் போல் சரியாக நான்கு மடங்கு. புள்ளி பெருகப் பெருகக் கார்டின் சுமையும் பெருகும்.

அன்றியும், சாதாரணத் திரை வினாடிக்கு 60 முறையே படத்தை மாற்றும். அத்திரைக்கு வினாடிக்கு 200 படம் வரையக்கூடிய கார்டை வாங்கிக் கொடுத்தால், திரையிற் காணும் படத்தின் எண்ணிக்கை அறுபதுக்கு மேற்போகாது. பழைய திரையை வைத்துக்கொண்டு பெரிய கார்ட் வாங்குவதிலும், நடுத்தரக் கார்டும் 144 அல்லது 165 முறை மாற்றும் நல்ல திரையும் சேர்த்து வாங்குவது புத்தியான செலவு. வலோரன்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 போன்ற போட்டி விளையாட்டுகளையே பிள்ளைகள் அதிகம் ஆடுவார்களாயின், அவை கார்டை அத்துணை வருத்துவனவல்ல என்பதையும் அறிக. அவற்றின் வேகம் பெரும்பாலும் பிரதான செயலியைப் பொறுத்தது.

நினைவகமும் பெயரும்

கார்டுக்கெனத் தனி நினைவகம் உண்டு. விளையாட்டின் சுவர்களும் மரங்களும் முகங்களும் அங்கேதான் அடுக்கி வைக்கப்படும். ஒளிபரப்பும் அதில் ஒரு சிறு பங்கை எடுத்துக்கொள்ளும். நினைவகம் நிரம்பி வழிந்தால் விளையாட்டு விட்டுவிட்டு ஓடும். போட்டி விளையாட்டுகளுக்கு 8 ஜிகாபைட் இன்றும் போதும். புதிய பெரிய கதை விளையாட்டுகளை உயர்ந்த அமைப்பில் ஆட விரும்புவோருக்கு அது நெருக்கடியாகி வருகிறது. 12 அல்லது 16 இருந்தால் சில ஆண்டுகள் கவலையில்லை.

இங்கேதான் பெயர் மயக்கம் வருகிறது. ஆர்.டி.எக்ஸ். 5060 டி.ஐ. என்ற ஒரே பெயரில் 8 ஜிகாபைட்டிலும் 16 ஜிகாபைட்டிலும் கார்டுகள் விற்கப்படுகின்றன. ஆர்.எக்ஸ். 9060 எக்ஸ்.டி.யும் அவ்வாறே. முன்பு 2016ஆம் ஆண்டில் வெளிவந்த ஜி.டி.எக்ஸ். 1060 கார்டில், 3 ஜிகாபைட் உடையதற்கும் 6 ஜிகாபைட் உடையதற்கும் நினைவகத்தில் மட்டுமன்றிக் கணிப்புக் கருக்களிலும் வேறுபாடு இருந்தது. முன்னதில் 1,152, பின்னதில் 1,280. ஆகவே பெயரைக் கேட்டுப் பணம் கொடுக்கலாகாது. பெட்டியின் மேல் அச்சிட்ட நினைவக அளவை உங்கள் கண்ணாற் படியுங்கள். பற்றுச்சீட்டிலும் அதனை எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

நடுத்தரக் குடும்பத்தார் கருதத்தக்க கார்டுகள் நான்கினைக் கூறுவோம். இங்கு தருவன அமெரிக்காவில் வெளியான நாளில் வரி சேராது அறிவிக்கப்பட்ட விலைகள். நம் கடைகளில் விலை கூடுதலாகவே இருக்கும். ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்கே இவற்றைக் கொள்க.

இன்டெல் ஆர்க் பி580: 2024 டிசெம்பரில் வெளிவந்தது, 249 டொலர், 12 ஜிகாபைட், 190 வாட். பணத்திற்கு நிறைவான நினைவகம் தருவது. ஆயின் ‘ரீசைசபிள் பார்’ என்ற வசதியுள்ள அண்மைக்காலக் கணினிக்கே இது பொருந்தும். பழைய கணினியில் இட்டால் தன் வேகத்தைக் காட்டாது.

ஆர்.டி.எக்ஸ். 5060: 2025 மே, 299 டொலர், 8 ஜிகாபைட், 145 வாட். மின்சாரம் குறைவாக உண்பது, என்கோடர் சிறந்தது, நினைவகமே குறை.

ஆர்.எக்ஸ். 9060 எக்ஸ்.டி., 16 ஜிகாபைட்: 2025 ஜூன், 349 டொலர், 160 வாட். ஏ.எம்.டி. கார்டுகளின் ஒளிபரப்புப் படம் முந்திய தலைமுறைகளில் சற்றுப் பின்தங்கியிருந்தது. இத்தலைமுறையில் அக்குறை பெரிதும் நீங்கியிருக்கிறது.

ஆர்.டி.எக்ஸ். 5060 டி.ஐ., 16 ஜிகாபைட்: 2025 ஏப்ரில், 429 டொலர், 180 வாட். விளையாட்டும் ஒளிபரப்பும் போக, படிப்புக்கும் உதவ வேண்டும் என்போருக்கு ஏற்றது. காரணத்தைப் பின்னர் கூறுவோம்.

கணினி முழுவதற்கும் பத்துப் பங்கு பணம் இருக்குமாயின், நான்கு பங்கிற்கு மேல் கார்டுக்குக் கொடாதிருப்பது நலம். எஞ்சிய ஆறு பங்கில் செயலியும், நினைவகமும், வட்டும், பவர் சப்ளையும் அடங்க வேண்டும். திரைக்கும் ஒலிவாங்கிக்கும் தனியே ஒதுக்குங்கள். குரல் கரகரத்தால், படம் எத்துணைத் தெளிவாக இருந்தாலும் கேட்பவர் நிற்கமாட்டார்.

மின்சாரத்தின் கதை

கேசிங் வாங்கினால் இலவசமாய்க் கிடைக்கும் பவர் சப்ளையை நம்பி விலை கூடிய கார்டைப் பொருத்துவது, பழைய கயிற்றை நம்பிக் கிணற்றில் இறங்குவதற்குச் சமம். 5060 கார்டுக்கு 550 வாட் பவர் சப்ளை வேண்டுமென்று என்விடியா கூறுகிறது, 5060 டி.ஐ.க்கு 600 வாட். பெட்டியில் எழுதிய அளவை உண்மையாகத் தரக்கூடிய, பெயர் பெற்ற நிறுவனத்தின் பொருளாக அது இருத்தல் வேண்டும். கெட்டுப்போகும் மலிவுப் பவர் சப்ளை தான் மட்டும் போகாது, கார்டையும் உடன் அழைத்துச் செல்லக்கூடும்.

மாதாந்த மின் கட்டணத்தையும் எண்ணுங்கள். விளையாடும் வேளையில் கணினியும் திரையும் சேர்ந்து 300 வாட் எடுக்குமாயின், நாலு மணித்தியாலத்தில் 1.2 அலகு, முப்பது நாளில் 36 அலகு. நம் நாட்டில் வீட்டுப் பாவனை கூடக்கூட அலகொன்றின் விலையும் ஏறுவது நீங்கள் அறிந்ததே. ஆகவே அந்த 36 அலகும் உங்கள் கட்டணத்தின் விலை கூடிய முனையிலேயே வந்து சேரும். 5090 என்ற பெருங்கார்ட் தான் ஒன்றே 575 வாட் வரை எடுப்பது. அத்தகையதை வாங்குமுன் தந்தையார் கடந்த மாதப் பட்டியலை எடுத்து மேசையில் வைப்பது நன்று.

2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்கமாட்டோம். இப்போது அந்நிலை இல்லையாயினும், திடீரென மின்சாரம் நின்று வருவது எங்கும் உள்ளதே. யூ.பி.எஸ். ஒன்று வைத்திருப்பது நலம். ஆனால் 650 வி.ஏ. என்று எழுதிய சிறிய யூ.பி.எஸ். 650 வாட் தருவதில்லை. பெரும்பாலும் ஏறத்தாழ 360 வாட்டே தரும். விளையாட்டைச் சேமித்து ஒழுங்காக நிறுத்துவதற்கான சில நிமிடங்களை அது தரும், தொடர்ந்து விளையாடுவதற்கன்று.

வெளிநாட்டு உறவினர் மூலம் பொருள் வருவிப்போருக்கும் ஒரு வார்த்தை. கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. கார்ட் கணினிக்குள் பவர் சப்ளை தரும் 12 வோல்ட்டில் இயங்குவதால் அதற்கு இதனால் தீங்கில்லை. பவர் சப்ளையை அங்கிருந்து கொண்டுவந்தால் மட்டும் அதன் பின்புறத்தைக் கவனியுங்கள். 100 முதல் 240 வரை என்றிருந்தால் நன்று. 115, 230 என்று மாற்றும் சிறு ஆளி இருந்தால், செருகுமுன் அதனை 230இல் வையுங்கள். கார்ட் பழுதானால் உத்தரவாதத்தை இந்நாட்டில் ஏற்பார்களா என்பதை வாங்குமுன்னரே கேட்டறியச் சொல்லுங்கள்.

பழைய கார்ட் வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் வரலாறு அறிந்து வாங்க வேண்டும். 2020 முதல் 2022 வரை எதீரியம் என்னும் மின்னணு நாணயத்தை உண்டாக்குவதற்காக உலகெங்கும் இலட்சக்கணக்கான கார்டுகள் இரவுபகலாக ஓட்டப்பட்டன. அதனால் விளையாட விரும்பியோருக்குக் கார்ட் கிடைப்பதே அரிதாயிற்று. 2022 செப்டெம்பர் 15ஆம் நாள் எதீரியம் தன் முறையை மாற்றியதும், அக்கார்டுகள் வேலையிழந்து சந்தைக்கு வந்தன. அவ்வாறு உழைத்த கார்ட் யாவும் கெட்டவை என்று சொல்வதற்கில்லை. எனினும் விசிறியும் வெப்பத்தைக் கடத்தும் பசையும் தேய்ந்திருக்கக்கூடும். விற்பவர் முன்னிலையிலேயே கணினியில் இட்டு, கனமான விளையாட்டொன்றை அரை மணித்தியாலம் ஓட்டி, வெப்பமும் விசிறிச் சத்தமும் பார்த்த பின்னரே பணம் கொடுங்கள். கடற்காற்றுப் படும் ஊர்களில் இருந்த கார்டாயின், இணைப்பு முனைகளில் துரு உண்டாவென்றும் பாருங்கள்.

மிகப் பழையதும் வேண்டாம். 1060 முதலிய 2016ஆம் ஆண்டுத் தலைமுறைக் கார்டுகளுக்கு, புதிய விளையாட்டுகளுக்கேற்ற மென்பொருள் வெளியிடுவதை என்விடியா 2025 ஒக்டோபரோடு நிறுத்திக்கொண்டது.

கடைக்குச் செல்லும்போது

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குச் சென்றாலும், உங்கள் ஊர்க் கடைக்குச் சென்றாலும், இவ்வைந்து கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். இக்கார்டில் என்கோடர் உண்டா? நினைவகம் எத்தனை ஜிகாபைட்? இதற்கு எத்தனை வாட் பவர் சப்ளை வேண்டும்? என் கேசிங்கில் இதன் நீளம் அடங்குமா? உத்தரவாதம் எத்தனை ஆண்டு, பழுதானால் மாற்றித் தருவது யார்? விடைகளைப் பற்றுச்சீட்டின் பின்புறத்தில் எழுதித் தர மறுக்கும் கடையில் அவசரப்பட வேண்டியதில்லை. ஒரே நாளில் வாங்கிவிட வேண்டும் என்று யாரும் நம்மை நெருக்கவில்லை.

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும்

பெற்றோரே, இது வெறும் விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2012ஆம் ஆண்டில் கனடாவின் டொரொன்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூவர், படங்களை இனங்காணும் ‘அலெக்ஸ்நெட்’ என்ற நிரலை உருவாக்கிச் செயற்கை நுண்ணறிவுத் துறையின் போக்கையே மாற்றினர். அதற்கு அவர்கள் பயன்படுத்தியவை, விளையாட்டுக்கென விற்கப்பட்ட ஜி.டி.எக்ஸ். 580 கார்ட் இரண்டு. என்விடியா கார்டுகளில் அத்தகைய கணிப்புக்கு ‘கூடா’ என்ற வசதி 2007 முதல் உண்டு. அத்துறையிற் பயில எண்ணும் மாணவனுக்கு 16 ஜிகாபைட் உடைய என்விடியா கார்டை மேலே குறித்ததன் காரணம் இதுவே. காணொளி வெட்டித் தொகுக்கவும், பிளெண்டர் என்னும் இலவச மென்பொருளில் முப்பரிமாண உருவம் அமைக்கவும் இதே கார்ட் பயன்படும். மகளோ மகனோ இதைக் கொண்டு என்ன கற்க எண்ணுகிறார்கள் என்று கேளுங்கள். கேட்கும் விதத்தில் கோபம் இல்லாதிருக்கட்டும்.

தம்பி தங்கையரே, உங்களுக்கும் ஒன்று சொல்வோம். ஒளிபரப்பினால் பணம் வரும், அதைக் கொண்டு கடனை அடைப்பேன் என்று வாக்குக் கொடுத்துப் பெற்றோரின் நகையை அடகுக்கு அனுப்பாதீர்கள். தவணைக் கடனிலும் ஏற்றாதீர்கள். பார்வையாளர் கூடுவது கார்டினால் அன்று. நாள் தவறாமல் வந்து, கேட்கத்தக்கதைப் பேசுவதனால். அதற்கு வேண்டிய ஓ.பி.எஸ். என்னும் மென்பொருள் 2012 முதல் இலவசமாகவே கிடைக்கிறது. இப்போது வீட்டில் உள்ள கணினியிலோ கைத்தொலைபேசியிலோ இரண்டு மாதம், கிழமைக்கு மூன்று நாள் வீதம், சிறிய அளவில் ஒளிபரப்பிப் பாருங்கள். எத்தனை நாள் தவறாது செய்தீர்கள், எந்த விளையாட்டை ஆடினீர்கள், இணையம் எத்தனை முறை அறுந்தது என்று கொப்பியில் குறித்து வையுங்கள். இரண்டு மாத முடிவில் அந்தக் கொப்பியைத் தந்தையார் கையிற் கொடுங்கள். நீங்கள் ஆயிரம் வார்த்தை வாதாடுவதிலும் அது நன்றாக வாதாடும். எந்தக் கார்ட் வேண்டும் என்பதையும் அதுவே காட்டிவிடும். ஆர்வம் இரண்டு மாதத்தில் அடங்கிவிட்டதாயின், ஒரு பெருந்தொகை வீட்டில் மிஞ்சியது என்று மகிழலாம்.

தேவையை அளந்து, திரையைப் பார்த்து, மின்சாரத்தைக் கணக்கிட்டு, கடைசியிற் கார்டைத் தெரிந்தெடுக்கும் குடும்பத்தில், வாங்கிய பொருளைப் பற்றிப் பின்னர் சச்சரவு எழுவதில்லை. இருபுறமும் இடிபட்டாலும் மத்தளம் கிழியாதிருப்பது, அதன் தோலையும் வாரையும் தெரிந்தவர் பார்த்துக் கட்டியதனால் அன்றோ!